ஒரு சிறு கணிப்பொறியின் பிணி

உள்ளங்கையில் அடங்கும் கணிப்பொறி ஒன்று எம்மை நான்கு திங்கள் அலைக்கழித்த வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம். யந்திரத்தைப் பற்றிய கட்டுரை என்றெண்ணி இலக்கிய மாணவர்கள் இப்பக்கத்தைத் தள்ளிவிடாதிருப்பாராக. இதில் யந்திரம் செய்த பிழை சிறிது. யாம் செய்த பிழையே பெரிது.

தென்காசியினின்று இராசபாளையம் செல்லும் பெருவழியில், மேற்கு மலையின் அடிவாரத்தில் அமைந்தது கடையநல்லூர். 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் வரை அது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அப்பால் புதிதாகப் பிறந்த தென்காசி மாவட்டத்தில் அடங்கிற்று. தறியோசை கேட்டு வளர்ந்த ஊர். இவ்வூரார் கடல் கடந்து சென்று பொருளீட்டுவதிற் பழகியவர். சென்றவிடத்தும் தமிழை மறந்தாரல்லர். சிங்கப்பூரிற் குடியேறிய கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946-இல் அங்கே ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர் என்பதும், அது உமறுப் புலவரின் பெயரால் விளங்கிற்று என்பதும் பலரும் அறிந்தவை. அத்தகைய ஊரிற் பிள்ளைகள் மாலை வேளையில் அமர்ந்து படிக்க ஒரு வாசகசாலை வேண்டுமென்று எம்முடன் பயின்ற பழைய மாணவர் சிலர் விரும்பினர். 2022-ஆம் ஆண்டு வைகாசியில், தகரக் கூரையிட்ட ஒரு மாடியறையில் அது திறக்கப்பெற்றது. அச்சிட்ட நூல்கள் ஓர் அலமாரி நிறைய இருந்தன. அவற்றோடு, இணையத் தொடர்பு இல்லாமலே தமிழ் விக்கிப்பீடியாவையும், மதுரைத் திட்டத்தார் 1998 முதல் தொகுத்து வரும் தமிழ் நூல்களையும் பிள்ளைகள் படிக்குமாறு ஒரு சிறு கணிப்பொறியையும் வைத்தோம். யார் எந்நூலை இரவல் கொண்டார் என்னும் கணக்கும் அதிலேயே எழுதப்பட்டது.

அக்கணிப்பொறியின் பெயர் ராஸ்பெரி பை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து அறநிலையம் ஒன்று, பள்ளிப் பிள்ளைகளும் வாங்கத்தக்க விலையிற் கணிப்பொறி கிடைக்க வேண்டுமென்று கருதி, 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் இதனை முதன்முதலாக விற்பனைக்கு விட்டது. பெட்டியில்லை, திரையில்லை, விசைப்பலகையில்லை. ஆடுஞ்சீட்டு ஒன்றின் அளவேயுள்ள ஒற்றைப் பலகை அது. லினக்ஸ் என்னும் இயங்குதளம் அதனை நடத்துவது. அவ்வியங்குதளமோ 1991-இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்து மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. இன்று உலகத்தார் பலர் கூடி வளர்ப்பது. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் இவ்வினப் பலகைகள் இரண்டு பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கே அனுப்பப்பட்டன. விண்ணிலே ஓடிய பொருள் எமது மாடியறையில் ஓடாதொழியுமோ என்று இறுமாந்திருந்தோம்! எமக்குக் கிடைத்தது 2016-இல் வெளிவந்த மூன்றாம் வகைப் பலகை. நண்பரொருவர் தம் மேசையிற் சும்மா கிடந்ததைக் கொடுத்துதவினார். பழுதுற்றால் வேறொன்று வாங்குவோம் என்னவும் வழியில்லை. உலகெங்கும் சில்லுகளுக்குப் பஞ்சம் நேர்ந்து, இப்பலகைகள் கடைகளில் அகப்படாதிருந்த காலம் அது.

வாசகசாலையைத் திறந்து மூடும் பொறுப்பை ஓர் இளைஞனிடம் ஒப்படைத்தோம். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. பன்னிரண்டாம் வகுப்பில் நன்கு தேறியும் மேலே படிக்க இயலாமல் நின்றவன். அவன் பெயரை ஈண்டு எழுதோம். எழுதுவதை அவனும் விரும்பான். யாம் சனிக்கிழமைதோறும் பஸ்ஸேறிச் செல்வோம். மற்றை நாட்களில் எல்லாம் அவனே.

வைகாசி முழுவதும் யந்திரம் ஒரு குறையுமின்றி ஓடிற்று. ஆனியிற் சாரல் தொடங்கியது, தொல்லையும் தொடங்கியது. காலையில் மின்சாரம் கொடுத்தால் சில நாள் எழும். சில நாள் எழாது. ஒரு முறை திரையை இணைத்துப் பார்த்தபோது வானவில்லைப் போன்ற பல நிறச் சதுரம் ஒன்று தோன்றி, அப்படியே நின்றது. மற்றொரு முறை வெள்ளெழுத்துக்கள் வரிவரியாக ஓடி, மூலக் கோப்பமைப்பை இணைக்க இயலவில்லை என்னும் பொருள்படும் அபாய அறிவிப்போடு நின்றன. ஒழுங்காக எழுந்த நாட்களிலும், இரண்டு மணி நேரமோ இரண்டு நாளோ ஓடிவிட்டுத் திடீரென்று உறைந்துபோகும். பிள்ளைகள் கைக்கருவிகளை ஏந்திக்கொண்டு, பாதிப் பக்கம் வந்த ஔவையாரை நோக்கியபடி அமர்ந்திருப்பார்கள்.

யாம் செய்த முதல் வைத்தியம், இயங்குதளத்தை அழித்துவிட்டு மீண்டும் புதிதாக எழுதுதல். ஒரு முறையன்று, ஐந்து முறை செய்தோம். செய்யும்போதெல்லாம் இரண்டொரு நாள் குணங்கண்டது போலத் தோன்றும். பின்னர்ப் பழைய கதையே. அடுத்துக் காற்றின்மேற் பழி போட்டோம். ஆனி ஆடியில் மலைக்கணவாய் வழியே வீசும் காற்று மரக்கிளைகளை முறிப்பதும், மின்சாரம் வந்து வந்து போவதும் அங்குள்ளார்க்குப் புதிதல்ல. அதன் பின்னர் மெமரி கார்டை ஐயுற்றோம். சந்தையில் உலவும் கார்டுகளிற் போலிகள் உண்டு. மேலே எழுதிய கொள்ளளவு ஒன்று, உள்ளே உண்மையாக இருப்பது வேறு. விற்றவரை மனத்துள் வைதுகொண்டே, கார்டு முழுவதையும் எழுதி நிரப்பி, எழுதியதை மீண்டும் படித்து ஒப்பிடும் சோதனை ஒன்றை இரவெல்லாம் நடத்தினோம். கார்டு உண்மையானதே என்று தெரிந்தது. அவ்வணிகரை வைதது வீண்.

எஞ்சியவன் அவ்விளைஞன்.

இவ்விடத்தில் ஒரு செய்தியை விளக்குதல் வேண்டும். கணிப்பொறியில் ஒன்றை எழுதினால் அது அக்கணமே கார்டிற் சென்று பதிவதில்லை; சிறிது நேரம் நினைவகத்தில் தங்கிப் பின்னரே செல்லும். ஆகவே, முறைப்படி நிறுத்தாமல் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டால், பாதி எழுதிய கணக்கு பாதியாகவே நின்றுவிடும். கோப்பமைப்பே சிதையவுங் கூடும். ஆடி மாதக் கடைசிச் சனிக்கிழமை யாம் சென்றபோது மூன்று வார இரவற் கணக்கு முழுவதும் கெட்டுக் கிடந்தது. நாற்பது நூல்களுக்கு மேல் யாரிடம் உள்ளன என்பது தெரியவில்லை. இவன் மாலையில் வீடு செல்லும் அவசரத்தில் வயரைப் பிடுங்கிவிடுகிறான் என்று யாமே தீர்மானித்துக்கொண்டோம். "நிறுத்தச் சொல்லிக் கட்டளை கொடுத்து, பச்சை விளக்கு அடங்கிய பிறகுதான் சுவிட்சை அணைக்கிறேன், ஸார்" என்றான். யாம் நம்பவில்லை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தனர். "இனி நீ அதைத் தொட வேண்டா" என்று சொல்லிச் சாவியையும் வாங்கிக்கொண்டோம். அவன் மறுமொழி சொல்லாமற் படியிறங்கிப் போனான். மறுநாள் முதல் வரவில்லை.

நிற்க. அவன் போன பின்னும் யந்திரத்தின் பிணி போகவில்லை. ஆவணியில் முன்னினும் மிகுந்தது. இது எமக்கு அப்பொழுதே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. அவன் முன்னரே கெடுத்து வைத்ததன் விளைவு என்று எண்ணிக்கொண்டோம். தன் பிழையை மறைக்க முயலும் மனத்துக்கு வாதங்கள் எத்துணை எளிதிற் கிடைக்கின்றன!

புரட்டாசியில் காலாண்டு விடுமுறை வந்தது. பத்து நாட்கள் ஊரிலேயே தங்கி, இரண்டிலொன்று பார்த்துவிடுவது என்று முனைந்தோம். இம்முறை எதையும் அழிக்காமல், யந்திரம் எவ்வாறு விழித்தெழுகிறது என்பதை முதலிற் கற்றோம். மூன்றாம் வகைப் பலகையில் முதலில் விழிப்பது கணக்கிடும் செயலியன்று. படங்களை வரையும் பகுதியே. அது கார்டிலுள்ள சிறு நிரல் ஒன்றைத் தேடி எடுக்கும். அந்நிரல் அடுத்த பெரிய நிரலை அழைக்கும். அது அமைப்புக் குறிப்புக்களைப் படித்து, லினக்ஸின் கருநிரலை நினைவகத்தில் ஏற்றும். அதன் பின்னரே செயலி எழுந்து, மூலக் கோப்பமைப்பை இணைத்து, மற்றைப் பணிகளைத் தொடங்கும். ஒவ்வொரு படியிலும் நின்றுபோனால் அதற்கோர் அடையாளம் உண்டு. பச்சை விளக்கு அசையவே இல்லையெனில் கார்டு படிக்கப்படவில்லை. ஏழு முறை சிமிட்டி நின்றால் கருநிரல் கிடைக்கவில்லை. வானவிற் சதுரம் நிலைத்துவிட்டால் இரண்டாம் நிரல் வரை சரி, கருநிரல் எழவில்லை என்றிவ்வாறு கொள்ளலாம்.

எமது யந்திரம் நின்ற இடங்களை நினைவுக்குக் கொண்டுவந்து ஒரு தாளில் எழுதினோம். ஒரு நாள் ஓரிடம், மறுநாள் வேறோரிடம். ஒரு நிரல் கெட்டிருந்தால் எந்நாளும் ஒரே படியிலன்றோ நிற்கவேண்டும்? எல்லாப் படிகளுக்கும் பொதுவாயிருக்கும் ஏதோ ஒன்று குறைகிறது என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. எல்லாவற்றுக்கும் பொதுவானது மின்சாரம்.

அன்று மாலை, நூல்களைத் திரும்பப் பெறும் பொருட்டு, யந்திரம் கெட்ட நாட்களில் அவன் கையால் எழுதி வைத்த இரவல் நோட்டை எடுத்துப் புரட்டினோம். அதன் கடைசிப் பக்கத்திற் பென்சிலால் ஓர் அட்டவணை இருந்தது. நாள், மணி, எதிரே ஒரு குறிப்பு. "ஆனி 12, மாலை 5.10, டிஸ்க் சுற்றியது, சிவப்பு அணைந்தது." "ஆனி 14, 4.40, அதேபோல். பின் நின்றுவிட்டது." இப்படி முப்பதுக்கு மேற்பட்ட வரிகள். சிலவற்றின் ஓரத்தில், "அரைமணி யாரும் படிக்கவில்லை, பிறகு திறந்தார்கள்" என்றும் இருந்தது.

அவ்வரிகளைப் படித்தபோது எம் முகம் சுருங்கியது. ஏனெனில், ஆனி மாதத்திலேயே அவன் எம்மிடம் வந்து, "ஸார், டிஸ்க் சுற்றத் தொடங்கும்போது சிவப்பு விளக்கு அணைந்து எரிகிறது" என்று சொல்லியிருந்தான். "அது மூச்சு விடுவது போலத் தம்பி, நீ அதைப் பார்த்துக்கொண்டிராதே" என்று நகையாடி அனுப்பியவர் யாமே. இப்பொழுது நூல்களைப் பார்த்தோம். அப்பலகையின் சிவப்பு விளக்கு, மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது அணையுமாறு அமைக்கப்பட்டது! ஐந்து வோல்ட் வேண்டும் யந்திரம், பசிக்கிறது பசிக்கிறது என்று மூன்று திங்களாக விளக்கை அணைத்து அணைத்துக் காட்டியிருக்கிறது. திரை இணைத்த வேளைகளில் மூலையில் ஒரு மின்னற் குறியும் தோன்றியது. அதனை அலங்காரம் என்று எண்ணியிருந்தோம்.

யந்திரத்தினிடமே இதனைக் கேட்டறியும் கட்டளை ஒன்றுண்டு. கொடுத்தோம். பதினாறடி எண்முறையில் 50005 என்று விடை வந்தது. கடைசியிலுள்ள 5 இப்பொழுது நேர்வதைக் குறிக்கும். முன்னுள்ள 5 யந்திரம் எழுந்தது முதல் எப்பொழுதேனும் நேர்ந்ததைக் குறிக்கும். ஐந்து என்பது ஒன்றும் நான்கும் சேர்ந்தது: ஒன்று, மின்னழுத்தக் குறைவு; நான்கு, அதன் காரணமாக வேகம் தடுக்கப்பட்டமை. கருநிரலின் நாட்குறிப்பைத் திறந்தால், குறை மின்னழுத்தம் கண்டோம், கண்டோம் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கிடக்கிறது. ஐந்து முறை அழித்தெழுதிய யாம், ஒரு முறையேனும் அந்நாட்குறிப்பைப் படித்தோமில்லை.

மல்ட்டிமீட்டரை எடுத்து இரு முனைகளிலும் அளந்தோம். சுவரிலிருந்த சார்ஜரின் வாயில் 5.1 வோல்ட். பலகையின் மேலுள்ள ஊசிகளில் இரண்டாவதற்கும் ஆறாவதற்கும் இடையே, ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் வேளையில், 4.5 வோல்ட். எஞ்சிய 0.6 வோல்ட் எங்கே போயிற்று? இடையிலிருந்த இரண்டு மீட்டர் வயரில். மின்சாரம் போவதும் வருவதுமாக அது நான்கு மீட்டர். மெல்லிய செம்பிழைகளுக்கு 0.4 ஓம் தடை இருந்தாற் போதும். ஒன்றரை ஆம்பியர் பாயும்போது 0.6 வோல்ட் ஒழிந்துபோகும். பௌதிகத்தில் முதல் ஆண்டு மாணவர் கரும்பலகையிற் செய்யும் கணக்கு இது. அதனைக் கற்பிக்கும் யாம் நான்கு திங்கள் கழித்துச் செய்தோம்.

அவ்வயரை வாங்கியவர் யாமே. வைகாசியில் யந்திரம் மின்செருகியின் அருகிலேயே, தன்னுடன் வந்த குட்டை வயரில் ஓடிற்று. ஹார்டு டிஸ்க்கும் அப்பொழுது இல்லை. ஆனியிற் சாரல் பெய்யவே, தகரக் கூரை அப்பக்கத்தில் ஒழுகிற்று. மேசையை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம்; வயர் எட்டவில்லை; பஸ் நிலையத்தருகே கிடைத்த நீள வயர் ஒன்றை மலிவாக வாங்கிச் செருகினோம். அதே வாரத்தில், நண்பர்கள் படமெடுத்தளித்த பழைய நூல்களை வைக்க ஹார்டு டிஸ்க்கையும் பலகையோடு சேர்த்தோம். சும்மா இருந்தால் உறங்கி, கேட்டால் எழுந்து சுழலும் டிஸ்க் அது. எழும் கணத்தில் மிகுதியாக மின்சாரம் இழுக்கும். காற்றுக்கும் இதற்கும் தொடர்பேயில்லை. சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை எதனையும் ஏற்று ஐந்தாக்கித் தருவது. எனினும் சாரலுக்குத் தொடர்புண்டு, கூரை வழியாக! கெடும் முன்னர் எதனை மாற்றினோம் என்று எம்மை யாமே ஒரு முறை கேட்டிருந்தால், ஐந்து நிமிஷத்தில் தீர்ந்திருக்கும்.

பரிகாரங்களை விரித்தெழுத வேண்டுவதில்லை. வயர் சேர்ந்தே வரும் 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர்ச் சார்ஜர் ஒன்றை வாங்கினோம். டிஸ்க்குக்குத் தனி மின்வழி அமைத்தோம். தச்சரை அழைத்துச் செருகியையே மேசைக்கருகில் மாற்றினோம். மின்சாரம் திடீரென்று நின்றாலும் கார்டு சிதையாதபடி, இயங்குதளப் பகுதியைப் படிக்க மட்டுமே இயலுமாறு பூட்டி, இரவற் கணக்கை டிஸ்க்கிற்கு மாற்றி, நாள்தோறும் ஒரு படி எடுத்து வைத்தோம். உறைந்துபோனால் பதினைந்து வினாடிக்குள் தானே மீண்டெழச் செய்யும் காவற் கடிகாரம் பலகைக்குள்ளேயே இருந்தது; அதனையும் இயக்கினோம். மறு சித்திரையில் தகரத்தின் கீழே 80 பாகை தாண்டி வேகம் குறைந்தபோது, ஒரு சிறு அலுமினியத் தகடும் சன்னலோரமும் போதுமாயின.

கடிகாரம் என்றவுடன் ஒன்று நினைவுக்கு வருகிறது. இப்பலகைக்கு மின்சாரமற்ற வேளையிற் காலங்காட்டும் திறன் இல்லை. 2023-இல் வந்த ஐந்தாம் வகையிலேதான் அவ்வுறுப்பைப் பலகையிற் சேர்த்தனர். இணையமும் இல்லாத எமது அறையில், இரவெல்லாம் அணைந்திருந்த யந்திரம் காலையில் எழுந்து, நேற்று மாலையை இன்று காலை என்று எண்ணிக்கொள்ளும். ஆகவே, கணக்கின்படி ஒரு சிறுமி தான் இரவல் வாங்கு முன்னரே நூலைத் திருப்பிக் கொடுத்திருந்தாள். காசு போன்ற மின்கலத்தோடு கூடிய ஒரு கடிகாரச் சில்லைச் சேர்த்த பின்னரே காலம் நேராயிற்று.

இவையெல்லாம் பின்னர் நிகழ்ந்தவை. அளந்து பார்த்த மறுநாட் காலையிலேயே யாம் அவன் வீட்டுக்குச் சென்றோம். முன்கூடத்திற் குழித்தறி, தந்தையார் குழியிற் காலிட்டு நெய்துகொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் நாடாவை நிறுத்தி, "வாருங்கள் ஐயா" என்றார். வந்த காரியத்தைச் சொன்னோம். பழி எம்முடையது என்பதையும் சொன்னோம். அவர் சிறிது நேரம் பாவின் மேலே கையை வைத்துக்கொண்டிருந்தார். "பையன் இரண்டு நாள் சாப்பிடவில்லை ஐயா. பிள்ளைகள் முன்னாலே சொன்னீர்களாம்" என்றார். பின்னர், "இழை அறுந்தால் நாங்கள் அறுந்த இடத்தைத்தான் தேடுவோம்" என்று சொல்லி, உள்ளே நோக்கித் தேநீர் வைக்கச் சொன்னார். எமக்கு அத்தேநீர் எளிதில் இறங்கவில்லை.

அவன் தென்காசியில் ஒரு செல்போன் கடையிற் பழுது பார்க்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டிருந்தான். இரவில் வருவான் என்று காத்திருந்து கண்டோம். மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை, ஸார்" என்றான், அவ்வளவே. பிள்ளைகள் முன்னிலையில் உரைத்த சொல்லை அவர்கள் முன்னிலையிலேயே திரும்பப் பெற வேண்டுமென்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனை வாசகசாலைக்கு அழைத்தோம். வருவானோ என்றிருந்தது, வந்தான். பதினேழு பிள்ளைகள் இருந்தனர். அவன் எழுதிய பென்சில் அட்டவணையை எடுத்துக் காட்டி, நிகழ்ந்ததை ஒளியாமற் சொன்னோம். அவன் தரையை நோக்கிக்கொண்டிருந்தான். ஒரு பையன், "அண்ணன் சொன்னது சரியா, ஸார்?" என்று கேட்டான். "சரி" என்றோம்.

எல்லாம் முடிந்த பின்னர், "அந்தப் பழைய வயர் இருக்கிறதா, ஸார்?" என்று கேட்டான். எடுத்துக் கொடுத்தோம். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு கத்தியை எடுத்து, வயரின் நடுவே வெட்டி, மேலுறையைச் சீவினான். உள்ளே சிவப்பும் கறுப்புமாக இரண்டு மெல்லிய கம்பிகள், அவற்றையும் சீவினான். பாவிழையைப் பிரிப்பது போல விரல்நுனியிற் செம்பிழைகளைப் பிரித்து எண்ணினான். ஒவ்வொன்றிலும் ஏழே இழைகள், தலைமயிரினும் மெல்லியவை. பிள்ளைகள் கூடிநின்று பார்த்தனர்.

வேலையை அவன் விடவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து போகிறான். வெட்டிய வயரின் துண்டு வாசகசாலை மேசையின் இழுப்பறையில், அவன் நோட்டின்மேற் கிடக்கிறது.